காசு போட்டவர் பின்னால் நின்றார்: மன்சூர் ஒஜ்ஜேயும் மெக்லாரனும்

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் சேமித்து வைத்துவிட்டு இரவைக்கு வாசியுங்கள்.

போன கிழமை உயர்தர வகுப்பில் பங்குடைமைப் பாடம் முடித்துவிட்டு வெளியே வரும்போது ஒரு மாணவன் பின்னாலேயே வந்தான். "சேர், மெக்லாரன் கார் கம்பனியை ஒரு சவூதிக்காரர் எண்ணெய்க் காசால வாங்கித்தான் சம்பியன் ஆக்கினாராம். வாட்ஸ்அப்ல வந்தது. உண்மையா?" என்று கேட்டான். பாதி உண்மை, பாதி பிழை என்று சொல்லி அனுப்பினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், அந்தப் பாதியைப் பிரித்துச் சொல்லாமல் விட்டது சரியில்லை என்று பட்டது. அதனால்தான் இந்தப் பதிவு.

அந்த மனிதரின் பெயர் மன்சூர் ஒஜ்ஜே. 1952இல் பாரிஸில் பிறந்தவர். தந்தை அக்ரம் ஒஜ்ஜே டமஸ்கஸில் பிறந்து சவூதிப் பிரஜையானவர். தாய் பிரான்ஸ் நாட்டவர். மன்சூர் படித்தது பாரிஸிலும் பின்னர் கலிபோர்னியாவிலும். ஆகவே "சவூதிக்காரர்" என்பது சரி, ஆனால் பாலைவனத்திலிருந்து பெட்டியோடு வந்திறங்கிய ஷேக் என்று நாம் மனதில் வரையும் படம் சரியில்லை.

எண்ணெய்க் காசு என்பதும் நேரடியாகச் சரியில்லை. அக்ரம் ஒஜ்ஜேயிடம் எண்ணெய்க் கிணறு இருக்கவில்லை. அவர் இடைத்தரகர். பிரான்சுக்கும் சவூதிக்கும் இடையே நடந்த பெரிய கொடுக்கல் வாங்கல்களில், குறிப்பாக ஆயுத விற்பனையில், நடுவில் நின்று தரகு எடுத்தவர். 'டெக்னிக் டவான்கார்ட்', சுருக்கமாக 'டாக்', அவருடைய கம்பனி. 1977இல் 'பிரான்ஸ்' என்ற பிரமாண்டமான பயணிகள் கப்பலையே விலைக்கு வாங்கி, இரண்டு வருடத்தில் நோர்வேக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். அப்படிப்பட்ட ஆள். இந்தக் காசின் வேர் எங்கே இருக்கிறது என்பதை மறைத்துவிட்டு, "நம்மவர் சாதனை" என்று மட்டும் பகிர்வது நேர்மையில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இனிக் கார் பந்தயத்துக்கு வருவோம்.

1970களின் கடைசியில் இங்கிலாந்தில் பிராங்க் வில்லியம்ஸ் என்பவர் கையில் காசில்லாமல் ஒரு போர்முலா வன் அணியை நடத்திக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் கட்டணம் கட்டாததால் தொலைபேசி வெட்டப்பட்டு, தெருவிலிருந்த பொதுத் தொலைபேசிக் கூண்டிலிருந்து வியாபாரம் பேசியவர். அவருக்குக் கைகொடுத்தது சவூதி விளம்பரம்தான். 1978இல் அவருடைய காரில் 'சவூதியா' விமானக் கம்பனியின் பெயர் வந்தது. அடுத்து 'டாக்'கின் பெயரும் சேர்ந்தது. 1979 ஜூலை 14இல் சில்வர்ஸ்டனில் வில்லியம்ஸ் அணி முதன்முதலாக வென்றது. ஓட்டியவர் கிளே ரெகசோனி. வெற்றி மேடையில் வழக்கமாகப் பீச்சியடிக்கும் ஷம்பேனை அவர் தொடவில்லை. சவூதி அனுசரணையாளர்களின் உணர்வை மதித்து தோடம்பழச் சாறுதான் குடித்தார்.

இந்த இடம் வந்தால் நம் ஆட்கள் உடனே "மாஷா அல்லாஹ்" போட்டுப் பகிர்வார்கள். பகிருங்கள், உண்மைதான். ஆனால் அதே மன்சூர் சில வருடத்தில் போய்ச் சேர்ந்த மெக்லாரன் அணியின் காருக்கு அப்போதிருந்த சிவப்பு வெள்ளை நிறமே சிகரட் பெட்டியின் நிறம். மால்பரோ 1974 முதல் 1996 வரை அந்த அணியின் அனுசரணையாளர். இரண்டையும் சேர்த்துத்தான் வரலாறு.

மெக்லாரனில் அப்போது பொறுப்புக்கு வந்திருந்தவர் ரொன் டெனிஸ். இங்கிலாந்தின் வோக்கிங் ஊர்க்காரர். பதினெட்டு வயதில் கூப்பர் அணியில் மெக்கானிக்காகத் தொடங்கி, கையில் கிரீஸோடு மேலே வந்தவர். அவரோடு ஜோன் பார்னார்ட் என்ற வடிவமைப்பாளர். 1981இல் கார்பன் இழையால் காரின் உடலைச் செய்து உலகத்தை வாய்பிளக்க வைத்தவர். கார் இருந்தது, மூளை இருந்தது. நல்ல டர்போ இயந்திரம் இல்லை. பெராரியும் ரெனோவும் தமக்கென்று சொந்தமாகச் செய்தார்கள். சும்மா கொடுக்க யாரும் இல்லை. ஜேர்மனியின் போர்ஷ கம்பனி செய்து தரலாம் என்றது. ஆனால் ஒரு நிபந்தனை: முழுச் செலவையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

டெனிஸ் போய் நின்ற இடம் மன்சூரின் கதவு. இன்னொரு அணிக்கு விளம்பரதாரராக இருந்த மனிதரை, இயந்திரத்துக்கே சொந்தக்காரராக வாருங்கள் என்று அழைத்தார். மன்சூர் சம்மதித்தார். பங்குடைமைப் பாடத்தில் பிள்ளைகளுக்கு நான் சொல்கிற வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. விளம்பரதாரர் காசைக் கொடுத்துவிட்டு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு போகலாம். தோற்றால் அடுத்த வருடம் வேறு அணி. மன்சூர் செய்தது அப்படியல்ல. தோற்றால் அவருடைய காசு இரும்பாகக் கிடக்கும். நம் பிக்ஹு நூல்களில் வரும் முளாரபாவை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒருவர் முதல், மற்றவர் உழைப்பு, இலாபத்தில் பங்கு. ஒப்பந்தம் அந்தச் சட்டப்படி எழுதப்பட்டது என்று சொல்ல வரவில்லை. உருவம் அதற்கு நெருக்கம்.

இன்னொரு விசேஷம். வழக்கத்தில் இயந்திரம் கொடுப்பவன் சொல்கிறபடிதான் காரை வெட்டி ஒட்டுவார்கள். இங்கே காசு கொடுப்பவன் வாடிக்கையாளன் என்பதால், இயந்திரம் இந்த அளவுக்குள் அடங்க வேண்டும், இந்தக் குழாய் இங்கேதான் வர வேண்டும் என்று பார்னார்ட் போர்ஷவுக்கே கட்டளை போட்டார். போர்ஷவின் ஹான்ஸ் மெட்ஸ்கர் அதன்படி 1.5 லீட்டர், ஆறு சிலிண்டர் இயந்திரத்தைச் செய்தார். அதன் மூடியில் 'டாக் டர்போ' என்ற பெயர், செய்தது போர்ஷ என்ற குறிப்போடு. 1983இல் ஒல்லாந்தின் சான்வோர்ட்டில் நிக்கி லவ்டாவின் காரில் முதலில் ஓடியது.

அடுத்த வருடம் நடந்ததை நம்புவது கஷ்டம். 1984இல் 16 பந்தயங்களில் 12 மெக்லாரனுக்கு. பட்டத்துக்கு அடித்துக்கொண்டவர்கள் ஒரே அணியின் லவ்டாவும் அலன் புரொஸ்ட்டும். லவ்டா 72 புள்ளி, புரொஸ்ட் 71.5. அரைப் புள்ளி! அந்த வருடம் மொனாக்கோவில் மழையால் பந்தயம் இடையில் நிறுத்தப்பட்டு, வென்ற புரொஸ்ட்டுக்குப் பாதிப் புள்ளியே கிடைத்திருந்தது. 1985, 1986 இரண்டும் புரொஸ்ட்டுக்கு. நான்கு வருடத்தில் அந்த இயந்திரம் 25 பந்தயங்களை வென்றது. இதற்கிடையில் மன்சூர் மெக்லாரன் கம்பனியிலேயே பங்கு வாங்கி டெனிஸின் பங்காளியானார். 1985இல் சுவிஸ் கடிகாரக் கம்பனியான ஹோயரையும் வாங்கினார். இன்று கடைக் கண்ணாடிக்குள் பார்க்கிறோமே 'டாக் ஹோயர்', அந்த 'டாக்' இதுதான். 1999இல் அதைப் பிரான்ஸின் எல்விஎம்எச் குழுமத்துக்கு விற்றுவிட்டார்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் 1988. ஹொண்டா இயந்திரத்தோடு சென்னா, புரொஸ்ட் இருவரும் ஓட்டிய வருடம். 16இல் 15 வெற்றி. தோற்ற ஒரே பந்தயம் இத்தாலியின் மொன்சா. புரொஸ்ட்டின் இயந்திரம் போனது. சென்னா முடிய இரண்டு சுற்று இருக்கும்போது பின்தங்கிய ஒரு காரோடு மோதி நின்றுவிட்டார். அன்று திரும்பிப் போகும்போது மிலான் லினாட்டே விமான நிலையத்தில் விமானம் தாமதம். டெனிஸ், மன்சூர், வடிவமைப்பாளர் கோர்டன் மரே, கிரெய்ட்டன் பிரவுன் நால்வரும் குந்தியிருந்து பேசினார்கள். பந்தயத்துக்கு மட்டும் கார் செய்தால் போதுமா, வீதியில் ஓடும் காரொன்றும் செய்தால் என்ன? அந்தப் பேச்சிலிருந்து வந்ததுதான் 'மெக்லாரன் எஃப்1'. ஓட்டுநர் நடுவில், இருபக்கமும் சற்றுப் பின்னால் இரண்டு பயணிகள். மொத்தம் செய்தது 106 மட்டும். பந்தய வகை 1995இல் லு மான் 24 மணிநேரப் போட்டியை வென்றது. தோற்ற நாளில், பிந்திய விமானத்துக்காகக் காத்திருந்த நேரத்தில் பிறந்த யோசனை.

இந்தக் காலம் முழுவதும் தொலைக்காட்சியில் நீங்கள் பார்த்திருப்பது டெனிஸை. மன்சூர் பின்னால், ஹெட்போனோடு, அமைதியாக நிற்பார். அவர் பங்காளியாக இருந்த காலத்தில் மெக்லாரன் ஓட்டுநர்கள் பத்து உலகப் பட்டங்கள் வென்றார்கள், லவ்டாவிலிருந்து 2008இல் ஹமில்டன் வரை. அவரைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

இனிக் கசப்பான பகுதி. எண்களைக் கவனியுங்கள், பிள்ளைகளே. 2000இல் டைம்லர் கம்பனி 40 வீதம் வாங்கியது. 2007இல் பஹ்ரைன் அரச முதலீட்டு நிறுவனமான மும்தலகாத் 30 வீதம் வாங்கியது. அதற்காக டெனிஸும் மன்சூரும் ஆளுக்கு 15 விட்டுக்கொடுத்தார்கள். மிச்சம் ஆளுக்கு 15. பின்னர் டைம்லர் விலகியபோது பஹ்ரைன் 50, மன்சூரின் பக்கம் 25, டெனிஸ் 25 என்றானது. அதாவது மற்ற இருவரும் ஒன்றுசேர்ந்தால் டெனிஸால் எதுவும் செய்ய முடியாது. முப்பது வருடம் அது பிரச்சினையாக இருக்கவில்லை, ஏனென்றால் மன்சூர் எப்போதும் டெனிஸ் பக்கம்.

பிறகு அப்படி இருக்கவில்லை. இருவருக்கும் முறிந்தது. காரணம் பற்றிப் பலர் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். அதைக் கிண்டுவதில் எனக்கு விருப்பமில்லை. நடந்தது மட்டும்: 2013இல் மன்சூருக்குச் சுவாசப்பைகள் இரண்டும் பழுதாகி மாற்றுச் சத்திரசிகிச்சை செய்தார்கள். 2014 தொடக்கத்தில் டெனிஸ் மீண்டும் தலைமைக்கு வந்தார். 2015இல் ஹொண்டாவோடு மறுபடி சேர்ந்தது பெரும் தோல்வி. ஒரு காலத்தில் 16இல் 15 வென்ற கூட்டணி கடைசி வரிசைகளில் ஊர்ந்தது. டெனிஸ் சீன முதலீட்டாளர்களைக் கொண்டுவந்து மற்றவர்களின் பங்கை வாங்கப் பார்த்தார். அது சரிவரவில்லை. 2016 நவம்பரில் மன்சூரும் பஹ்ரைனும் சேர்ந்து டெனிஸைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அடுத்த வருடம் அவர் தன் பங்குகளை விற்றுவிட்டு, தானே கட்டியெழுப்பிய வோக்கிங் தலைமையகத்தை விட்டுப் போனார்.

இதில் யார் பக்கம் நியாயம்? சட்டப்படி 75க்கு 25, கேள்வியே இல்லை. ஆனால் மெக்கானிக்காகத் தொடங்கிய ஒரு மனிதன், தான் ஒரு காலத்தில் கதவைத் தட்டிக் கூட்டிவந்த பங்காளியின் வாக்கால் வெளியே போவதைப் படிக்கும்போது எனக்கு மனம் கனத்தது. மறுபக்கம், நோயிலிருந்து மீண்டு வந்த ஒருவர் தன் முதலைக் காப்பாற்றப் பார்ப்பதைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. அணி தோற்றுக்கொண்டிருந்தது என்பதும் உண்மை. இரண்டு பக்கத்தையும் மாணவர்களிடம் வைத்து வாதாட விடலாம் என்று இருக்கிறேன்.

மன்சூர் ஒஜ்ஜே 2021 ஜூன் 6இல் ஜெனிவாவில் காலமானார். வயது 68. அன்று பாகுவில் அஸர்பைஜான் பந்தயம். தொடங்குவதற்குக் கொஞ்ச நேரத்துக்கு முன்னர்தான் அணி செய்தியை அறிவித்தது. அந்த செப்டெம்பரில் மொன்சாவில் மெக்லாரன் முதலிடம், இரண்டாமிடம் இரண்டையும் எடுத்தது. 1988இல் தோற்ற அதே மொன்சா. 2024 மார்ச்சில் மெக்லாரன் குழுமம் முழுவதும் பஹ்ரைனின் மும்தலகாத் கைக்குப் போனது. ஆக, அந்த மாணவனின் வாட்ஸ்அப் செய்தியில் "சவூதி" என்ற இடத்தில் "பஹ்ரைன்" என்று மாற்றி, வருடத்தையும் நாற்பது தள்ளிப்போட்டால் ஓரளவு சரிவரும். திங்கட்கிழமை வகுப்பில் சொல்கிறேன்.