கோணேசர் நந்தவனமும் கந்தளாய் நீரும்

நந்தவனம் என்பது கோயிற்புறத்தே அழகுக்காக அமைந்த சோலையன்று. நாட்பூசைக்கு வேண்டும் மலரும் பத்திரமும் தவறாது கிடைத்தற்பொருட்டு நிலமும் நீரும் ஆளும் வகுத்துவைத்த அமைப்பே அது. கோணமாமலையின் வரலாற்றை ஆராய்வோர் இடிந்த கோபுரத்தையே பெரிதும் நோக்குவர். அதற்குப் பூவும் அமுதும் ஊட்டிய தோட்டத்தை நோக்கியோர் சிலரே.

திருகோணமலையில் ஐப்பசி முதல் தை வரை வாடைமழை பொழியும். வைகாசி முதல் ஆவணி வரை வறண்ட கச்சான் காற்று வீசும். ஆகவே மழைக்குமுன் பாத்தியை உயர்த்தி வடிகால் வெட்டுதலும், மழையோடு கத்தரி, வெண்டி, பயற்றை முதலியன நடுதலும், கோடையில் துலாவிட்டுக் கிணற்றுநீர் இறைத்தலும் இந்நிலத்தார்க்கு இயல்பான தொழில்கள். செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் நீர்விடின் ஆண்டு முழுதும் பூக்கும். சிவனுக்குகந்த கொன்றையோ காய்ந்த சித்திரையிலே தானே பூத்துக் குலுங்குவது. அங்கே தோட்டக்காரனுக்குக் கொய்தலன்றி வேறு வேலையில்லை.

பெயராற் கல்வெட்டாயினும் ஏட்டில் எழுதப்பட்ட 'கோணேசர் கல்வெட்டு', குளக்கோட்டன் கோயிலுக்கு 2,700 அவண விதைப்புத்தரை விட்டதையும், தானத்தார், வரிப்பத்தார் என்போர்க்குத் தொழும்புகளை வகுத்ததையும் கூறும். பூவெடுத்தலும் மாலை கட்டுதலும் நெற்குத்துதலும் அத்தொழும்புகளுட் சேர்ந்தவை. கந்தளாய்க் குளத்தை அவனே கட்டினான் என்பது அம்மரபு. மகாவம்ச மரபு இரண்டாம் அக்கபோதியைக் குறிக்கும். கட்டியவர் யாராயினும், கோயில் வயல்கள் அக்குளத்து நீரையே நம்பியிருந்தன.

மலருக்கென ஆளும் நிலமும் ஒதுக்கும் வழக்கம் கோயிலுக்கு மட்டும் உரியதன்று. 1660இல் கொட்டியாரத்திற் பிடிபட்டுக் கண்டி நாட்டிற் சிறையிருந்த இராபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் அரசனுக்குரிய வெண்மலரைப் பற்றி எழுதியுள்ளான். அதனைப் பயிரிடுவோர் அப்பணிக்கென அரசனிடம் நிலம் பெற்றிருந்தனர். எவர் நிலத்திலும் அச்செடியை நட்டு வேலியடைக்கலாம். மண் சாரமிழந்து பூ குன்றிய பின்னரே உரியவன் தன் நிலத்தை மீளப்பெறுவான். வெள்ளைத் துணியிற் பொதிந்து அம்மலரைக் கொண்டுசெல்லுங்கால் எதிர்ப்படுவோர் வழிவிட்டு ஒதுங்கவேண்டும். பூவுக்கிருந்த பெருமை நிலத்துக்குரியவனுக்கில்லை!

1622க்கும் 1624க்கும் இடையே போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அதன் கற்களாற் கோட்டை கட்டினர். கோபுரத்தை வீழ்த்தப் படை வேண்டும். நந்தவனம் அழிய ஒரு கோடை நீர்விடாதொழிதலே போதும். பின்னர்க் கோணேசர்க்குத் தம்பலகாமத்திற் கோயில் எழுந்தது. அது கந்தளாய் நீர் பாயும் வயலூர். அமுதும் மலரும் விளைந்த இடத்துக்கே இறைவன் சென்றான் எனல் தகும். பழைய தொழும்பு முறையும் அங்கேதான் தொடர்ந்தது.

1950இல் திருகோணமலையில் நீர்வேண்டிக் கிணறு தோண்டியோர், மண்ணுள்ளிருந்து சோமாஸ்கந்தர் முதலிய திருமேனிகளைக் கண்டெடுத்தனர். 1963இல் மலைமேற் கோயில் குடமுழுக்குப் பெற்றது. நாள்தோறும் மலர் தேடும் கடமையும் அத்துடன் மலைக்கு மீண்டது.