தன்னையே எதிர்பார்த்து நின்ற சர்வர்

ஒரு சர்வர் செத்துப்போவது வேறு, உறைந்துபோவது வேறு. செத்துப்போனால் கெர்னல் கடைசி மூச்சில் எதையாவது திரையில் துப்பிவிட்டுப் போகும். எந்த ஃபங்ஷனில் விழுந்தது என்றாவது தெரியும். உறைந்துபோனால் அதுவும் கிடையாது. பிங் பண்ணினால் பதில் வரும். எஸ்எஸ்ஹெச்சில் நுழைந்தால் பாஸ்வேர்ட் கேட்கும், அதோடு பேச்சு நின்றுவிடும். ஏற்கெனவே திறந்து வைத்த விண்டோ ஏதாவது இருந்தால் அதில் லோடு ஆவரேஜ் 60, 70 என்று காட்டும், ஆனா சிபியு சும்மா உட்கார்ந்திருக்கும். ஓடத் தயாராக இருப்பவற்றோடு, டிஸ்க் மாதிரி எதற்காகவோ தூங்கிக் காத்திருக்கும் ப்ராசஸ்களையும் லினக்ஸ் லோடு கணக்கில் சேர்க்கிறது. அதனால் வரும் வினோதம் இது. பிஎஸ் கமாண்ட் ஓடினால், பக்கத்தில் 'டி' என்ற எழுத்தோடு அவை வரிசையாக நிற்கும். கில் -9 அடித்தாலும் அசையாது.

என்.எஃப்.எஸ். வைத்துக் குப்பை கொட்டியவர்களுக்கு இந்தக் காட்சி புதுசில்லை. "சர்வர் பதில் சொல்லவில்லை, இன்னும் முயல்கிறேன்" என்கிற அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனவர்கள் நம்மில் நிறைய பேர். பெரும்பாலும் அது நெட்வொர்க் கோளாறுதான், தானாகவே சரியாகிவிடும். நான் இங்கே எழுதப் போவது தானாகச் சரியாகவே முடியாத ஒரு வகையைப் பற்றி: எல்லாரும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்து, அதனாலேயே எல்லாரும் நின்றுபோன கதை.

கதையின் வேர் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருக்கிறது. ரஸ்ஸல் சாண்ட்பெர்க்கும் அவருடைய சகாக்களும் 1985 கோடையில் யூஸ்நிக்ஸ் மாநாட்டில் என்.எஃப்.எஸ். பற்றிய கட்டுரையை வாசித்தார்கள். அதன் மையக் கருத்து எளிமையானது: சர்வர் யாரையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. யார் எந்த ஃபைலைத் திறந்திருக்கிறார், எதுவரை படித்தார் என்ற கணக்கே அதனிடம் இல்லை. ஒவ்வொரு வேண்டுகோளும் தனக்குத் தேவையான எல்லாத் தகவலையும் சுமந்துகொண்டு வரும். இதனால் சர்வர் விழுந்து எழுந்தாலும் பெரிய சடங்கு எதுவும் தேவையில்லை. கிளையண்ட் அதே வேண்டுகோளைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும், ஒரு கட்டத்தில் பதில் வரும், வேலை தொடரும்.

அதாவது, மறதியைச் சர்வருக்குக் கொடுத்துவிட்டுப் பொறுமையைக் கிளையண்ட் தலையில் கட்டினார்கள். ஹார்டு மவுண்ட் என்பதன் பொருள் இதுதான்: பதில் வரும்வரை காத்திரு, எவ்வளவு நேரமானாலும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பிழை சொல்லி விலகும் சாஃப்ட் மவுண்ட்டும் உண்டு. கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் ஒரு ஃபைல் பாதி எழுதி முடிந்த நிலையில் பிழை வந்தால், அதைச் சரியாகக் கவனிக்கிற ப்ரோக்ராம் எத்தனை? ரைட் கொடுத்த பதிலைப் பார்க்காமலே அடுத்த வரிக்குப் போகும் ப்ரோக்ராம்கள்தான் உலகத்தில் அதிகம். டேட்டா கெட்டுப்போனதே தெரியாமல் ஒரு வாரம் ஓடும். அதனால் ஹார்டு மவுண்ட்தான் சரியான முடிவு என்பது என் கருத்து. இத்தனை எரிச்சலுக்குப் பிறகும் மாறவில்லை.

இரண்டாவது வேர் 1995-இல். என்.எஃப்.எஸ். இரண்டாம் பதிப்பில் ஒவ்வொரு ரைட்டும் டிஸ்க்கில் பதிந்த பிறகுதான் சர்வர் "சரி" என்று சொல்ல வேண்டும். பாதுகாப்பு அதிகம், வேகம் குறைவு. மூன்றாம் பதிப்பு இதைத் தளர்த்தியது. சர்வர் டேட்டாவை மெமரியில் வாங்கிக்கொண்டு "வந்து சேர்ந்தது, ஆனா இன்னும் டிஸ்க்கில் போடலை" என்று சொல்லலாம். பிறகு கிளையண்ட் கமிட் என்று ஒன்றை அனுப்பும், அதற்குப் பதில் வந்தால்தான் பதிந்ததாகக் கணக்கு. இடையில் சர்வர் விழுந்துவிட்டால் கிளையண்ட் மறுபடி அனுப்ப வேண்டியிருக்கும் இல்லையா? அதனால் கமிட் முடியும்வரை கிளையண்ட் தன் மெமரியில் அந்தப் பேஜ்களை விடாமல் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

நல்ல ஏற்பாடு. சர்வரும் கிளையண்ட்டும் வேறு வேறு மெஷினில் இருக்கும்வரை.

இரண்டும் ஒரே மெஷினில் இருந்தால்? தன் டிஸ்க்கைத் தானே எக்ஸ்போர்ட் பண்ணி, தானே மவுண்ட் பண்ணிக்கொள்வது. இதை லூப்பேக் மவுண்ட் என்பார்கள். யாராவது வேலை மெனக்கெட்டு இப்படிச் செய்வார்களா என்று தோன்றும். செய்வார்கள், அதுவும் நல்ல காரணத்தோடு. நாலு மெஷின் கொண்ட ஒரு கிளஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று சர்வர், மற்ற மூன்றும் அதை மவுண்ட் செய்திருக்கின்றன. சர்வர் மெஷின் விழுகிறது. மூன்றில் ஒன்று டிஸ்க்கைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டு சர்வர் பொறுப்பை ஏற்கிறது. அது ஏற்கெனவே கிளையண்ட். இப்போது சர்வரும் அதுவே. யாரும் திட்டமிடாமலே லூப்பேக் வந்து உட்கார்ந்துவிட்டது.

இந்த நிலையில் மெமரி நிரம்பினால் என்ன ஆகும்? கெர்னலில் சர்வர் வேலை பார்க்கும் என்எஃப்எஸ்டி த்ரெட் ஒரு ரைட்டைக் கையில் வைத்திருக்கிறது. டிஸ்க்கில் போட அதற்குக் கொஞ்சம் மெமரி வேண்டும். காலி இல்லை. லினக்ஸில் மெமரி கேட்டு வந்தவரே காலி பண்ணும் வேலையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்பது வழக்கம். எனவே அந்த த்ரெட்டே பழைய பேஜ்களைத் தூக்கிப் போடக் கிளம்புகிறது. கையில் அகப்படுவது கிளையண்ட் பக்கத்து என்.எஃப்.எஸ். பேஜ். இன்னும் கமிட் ஆகாதது. சரி, கமிட் அனுப்பு, பதில் வரும்வரை காத்திரு. பதில் சொல்ல வேண்டியது யார்? என்எஃப்எஸ்டி. அது எங்கே? இதோ இங்கேதான், காத்துக்கொண்டிருக்கிறது. மற்ற என்எஃப்எஸ்டி த்ரெட்களும் ஒவ்வொன்றாக மெமரி கேட்டு வந்து இதே வரிசையில் நிற்கின்றன.

கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்று ஊரில் சொல்வார்களே, அதேதான். காஃப்மனும் இரண்டு சகாக்களும் 1971-இல் எழுதிய டெட்லாக் கட்டுரையில் நாலு நிபந்தனைகளைப் பட்டியல் போட்டார்கள். நாலும் கூடினால்தான் முடிச்சு விழும், ஒன்றை உடைத்தால் போதும். எதை உடைப்பது என்பதில்தான் இருபது வருடப் பாடு.

உடைப்பதற்கு முன் கண்டுபிடிக்க வேண்டும். உறைந்த மெஷினின் டிஸ்க்கில் லாக் எழுத முடியாது, ஏனென்றால் எழுதுகிறவரும் மாட்டியிருப்பார். அதனால் சீரியல் கன்சோலை முன்கூட்டியே வைத்திருப்பார்கள். ஆல்ட், சிஸ்ஆர்க்யூ, டபிள்யூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால், மாட்டி நிற்கும் ஒவ்வொரு ப்ராசஸும் எந்த ஃபங்ஷன் வழியாக அங்கே வந்தது என்பதைக் கெர்னல் கொட்டும். அதைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். இந்த டெட்லாக்கின் ஸ்டாக்கைப் பார்த்தால் அடியில் என்எஃப்எஸ்டி இருக்கும், நடுவில் ஃபைல் சிஸ்டமும் மெமரி ஒதுக்கீடும், உச்சியில் என்.எஃப்.எஸ். கிளையண்ட்டின் பேஜ் விடுவிக்கும் ஃபங்ஷன். சர்வராகப் புறப்பட்ட ஒரே த்ரெட், வழியில் எங்கேயும் ஆள் மாறாமல், கிளையண்ட்டாகப் போய் நிற்கிறது. அந்த ஒரு ஸ்டாக்கிலேயே முழுக் குற்றப்பத்திரிகையும் இருக்கிறது.

2006-இல் இங்கோ மோல்னாரின் லாக்டெப் கெர்னலுக்குள் வந்தபோது டெட்லாக் வேட்டையே மாறியது. லாக்குகளை எந்த வரிசையில் எடுக்கிறார்கள் என்று குறித்து வைத்து, முடிச்சு விழுவதற்கு முன்பே அது எச்சரிக்கும். அருமையான கருவி. ஆனா இங்கே பெரிசாக உதவாது. ஏனென்றால் இங்கே பிடித்து வைத்திருப்பது அதன் பதிவேட்டில் இருக்கும் லாக் இல்லை. ஒரு பேஜின் மேல் இருக்கும் ஒரு பிட் அணைவதற்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

முதல் தலைமுறை மருந்து கொஞ்சம் நாட்டு வைத்தியம். எழுதிவிட்டு டிஸ்க்குக்குப் போகாமல் மெமரியில் கிடக்கும் டர்ட்டி பேஜ்களுக்கு ஒரு வரம்பு உண்டு. அதைத் தொட்டால் எழுதுகிறவர்களைக் கெர்னல் நிறுத்தி வைக்கும். என்எஃப்எஸ்டிக்கு மட்டும் பிஎஃப் லெஸ் த்ராட்டில் என்று ஒரு கொடி கொடுத்து, வரம்பைக் கால் பங்கு கூட்டினார்கள். மற்றவர்கள் நின்ற பிறகும் சர்வர் கொஞ்சம் எழுதலாம். எல்லாரையும் ஒரே அளவுகோலால் நிறுத்திய காலத்தில் இது ஓடியது. பின்னால் டிஸ்க்குக்கு டிஸ்க், த்ரெட்டுக்கு த்ரெட் வேறு வேறு கணக்கு வந்தபோது, அந்த 25 சதவீதத்துக்கு அர்த்தம் குறைந்துகொண்டே வந்தது.

2014-இல் நீல் பிரவுன் இதைக் கையில் எடுத்தார். அவர் செய்த பல மாற்றங்களில் எனக்குப் பிடித்தது 3.18 கெர்னலில் வந்த ஒன்று. பேஜை விடுவிக்கும் இடத்தில், கமிட்டை அனுப்பு, ஆனால் அதிகபட்சம் ஒரு விநாடிதான் காத்திரு, வராவிட்டால் அந்தப் பேஜை விட்டுவிட்டு வேறு பார். அவ்வளவுதான். முப்பது வருடமாக "எவ்வளவு நேரமானாலும்" என்று சத்தியம் செய்த ஒரு சிஸ்டத்துக்குள் ஒரு விநாடி நுழைந்தது. இதில் சத்தியம் மீறப்படவில்லை என்பதுதான் அழகு. டேட்டா எங்கேயும் போகவில்லை, கமிட் வழியில்தான் இருக்கிறது, எழுதிய ப்ரோக்ராமுக்குக் கொடுத்த வாக்கும் அப்படியே இருக்கிறது. மெமரி தேடி வந்தவர்தான் அந்தப் பேஜுக்காகவே நிற்க வேண்டியதில்லை. அவருக்கு வேறு பேஜ் கிடைக்கும்.

இந்த மாற்றத்தோடு இருக்கும் விளக்கக் குறிப்பில் இன்னொரு விஷயமும் உண்டு. சர்வர் வேறு மெஷினில் இருந்தாலும் மாட்டலாம். டிசிபி இணைப்பு அறுந்து புதிதாகப் போட வேண்டிய நேரத்தில் அதற்கும் மெமரி வேண்டும். மெமரிக்குப் பேஜை விட வேண்டும், பேஜை விட கமிட், கமிட் போக இணைப்பு. லூப்பேக் என்ற விசித்திரத்தைத் தோண்டப் போய், சாதாரண கிளையண்ட்டுக்குள் இருந்த குழியும் வெளியே வந்தது.

கில் -9 விவகாரம் தனிக்கதை. 2008-இல் மேத்யூ வில்காக்ஸ் கொண்டுவந்த ஒரு புதுத் தூக்க நிலையால், உயிரைப் பறிக்கும் சிக்னலுக்கு மட்டும் எழும் வசதி வந்தது. என்.எஃப்.எஸ். கிளையண்ட் அதைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் என்எஃப்எஸ்டியே மாட்டியிருக்கும்போது யாரைக் கொன்று என்ன?

பழைய கொடி 2020-இல் பெயர் மாறி, பிஎஃப் லோக்கல் த்ராட்டில் ஆனது. கால் பங்குக் கணக்குக்குப் பதில், தான் எழுதும் டிஸ்க்கின் நெரிசலை மட்டும் பார்த்து நில், அடுத்தவன் டிஸ்க்குக்காக நிற்காதே என்பது புதுப் பொருள். 2024 நவம்பரில் வந்த 6.12 கெர்னலில் லோக்கல்ஐஓ என்று ஒன்று சேர்ந்தது. சர்வர் தன் மெஷினிலேயே இருப்பதைக் கிளையண்ட் கண்டுகொண்டால், நெட்வொர்க் பக்கம் போகாமல் நேராக ஃபைலில் எழுதிவிடும். "தொடாதே" என்று சொல்லி வந்த லூப்பேக், இப்போது வேகத்துக்காக விரும்பிச் செய்யும் காரியம். அந்தக் கோடைத் திறந்து ரைட் பகுதியைப் பார்த்தேன். எழுத ஆரம்பிக்கும் முன் த்ரெட்டுக்கு அதே லோக்கல் த்ராட்டில் கொடியை மாட்டிவிட்டுத்தான் உள்ளே அனுப்புகிறார்கள்.