பிழை திருத்துபவரின் கேமரா

பேஸ்பால் நம்மூரில் யாரும் அதிகம் பார்ப்பதில்லை. ஆனாலும் பழைய விளையாட்டுப் படங்கள் என்று எங்கே தேடினாலும் ஒரு கருப்பு வெள்ளைப் படம் கண்ணில் பட்டுவிடும். ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு, புழுதி பறக்கச் சறுக்கிக்கொண்டு வருகிறார். அவர் வந்து மோதிய வேகத்தில் இன்னொருவர் நிலைகுலைந்து நிற்கிறார். சறுக்குபவர் டை காப். படத்தை எடுத்தவர் பெயர் சார்லஸ் கான்லன்.

இவர் முழுநேரப் புகைப்படக்காரரே அல்ல என்பதுதான் ஆச்சரியம்! 1868ல் பிறந்த கான்லன், நியூயார்க்கில் 'டெலிகிராம்' நாளிதழில் பிழை திருத்துபவராக வேலை பார்த்தவர். நாளெல்லாம் அச்சு எழுத்துகளோடு மல்லுக்கட்டு. கேமரா வெறும் பொழுதுபோக்கு. அதே நாளிதழில் இருந்த ஜான் ஃபாஸ்டர், "ஓய்வு நேரத்தில் ஆட்டக்காரர்களைப் படமெடுக்கலாமே" என்று தூண்டிவிட, 1904ல் மைதானத்துக்குள் இறங்கினார். 1942 வரை ஓயவில்லை.

அந்தக் காலத்தில் புகைப்படக்காரர்கள் எல்லைக்கு வெளியே தள்ளி நிற்கவேண்டும் என்ற கட்டுப்பாடு இல்லை. ஆட்டக்காரர்களுக்குப் பக்கத்திலேயே நிற்கலாம். ஆனால் கேமரா கனமான பெட்டி. உள்ளே ஃபிலிம் சுருளுக்குப் பதில் கண்ணாடித் தகடு. ஒரு தகட்டுக்கு ஒரு படம்தான். எடுத்ததும் தகட்டை மாற்றவேண்டும், அதற்குள் ஆட்டம் எங்கேயோ போயிருக்கும். இன்றைக்குப் போல சரசரவென்று இருபது படம் எடுத்து ஒன்றைப் பொறுக்குகிற கதை இல்லை.

அந்தப் பிரபலமான படத்தின் கதையைக் கான்லனே 1937ல் 'ஸ்போர்ட்டிங் நியூஸ்' பத்திரிகையில் சொல்லியிருக்கிறார். இடம், நியூயார்க்கின் ஹில்டாப் பார்க். கான்லன் மூன்றாவது பேஸ் அருகே நின்றுகொண்டிருக்கிறார். அந்த பேஸைக் காப்பவர் ஜிம்மி ஆஸ்டின், கான்லனின் நண்பர். மட்டையாளர் பந்தை மெல்லத் தட்டிவிடுவார் என்று எதிர்பார்த்து ஆஸ்டின் முன்னால் நகர்ந்த நேரம் பார்த்து, இரண்டாவது பேஸிலிருந்து காப் ஓட ஆரம்பித்துவிட்டார். ஆஸ்டின் பதறிப் பின்னால் வர, காப் சறுக்கிக்கொண்டு வந்து மோதுகிறார்.

காப்பின் காலணி ஆணிகள் என்றால் அன்றைக்கு எல்லோருக்குமே பயம். நண்பனுக்கு அடிபட்டுவிட்டதோ என்றுதான் கான்லன் பதறினார். ஆஸ்டினுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான், 'நாம் படம் எடுத்தோமா, இல்லையா?' என்ற சந்தேகமே வந்தது. நினைவில்லை! எதற்கும் இருக்கட்டும் என்று தகட்டை மாற்றி வைத்தார். பிறகு கழுவிப் பார்த்தால்... அத்தனையும் அதில் இருந்தது. தன் கை பித்தானை அழுத்தியதே அவருக்குத் தெரியவில்லை.

ஆனால் இந்த ஒரு படத்தை வைத்து கான்லனை அளப்பது நியாயமில்லை. அவருடைய நிஜமான பலம் முகங்களும் கைகளும். பேப் ரூத், கிறிஸ்டி மாத்யூசன், வால்டர் ஜான்சன் என்று பெரிய ஆட்கள் மட்டுமல்ல, ஒரு சில ஆட்டங்களோடு காணாமல் போனவர்களையும் நடுவர்களையும்கூட அதே அக்கறையோடு எடுத்தார். பந்து வீசுபவரின் விரல்கள் பந்தைப் பிடித்திருக்கும் விதத்தைத் தனியாக எடுத்த படங்களும் உண்டு. எழுத்து எழுத்தாகப் பார்த்துப் பழகிய கண் அல்லவா!

கான்லன் 1945ல் இறந்தார். பெயரும் மெல்ல மறந்துபோனது. நெகட்டிவ்கள் 'ஸ்போர்ட்டிங் நியூஸ்' வசம் கிடந்தன. 1993ல் நீல் மெக்கேப், கான்ஸ்டன்ஸ் மெக்கேப் இருவரும் அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்துப் புத்தகமாகக் கொண்டுவந்த பிறகுதான், இத்தனையையும் எடுத்தவர் ஒரே மனிதர் என்பது பலருக்கும் உறைத்தது. எடுத்ததெல்லாம் மிஞ்சவில்லை. மிஞ்சிய ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள் 2016ல் ஏலத்துக்கு வந்து, பத்து லட்சம் டாலரைத் தாண்டி விலைபோயின.

ஒரு வேடிக்கை. காப் சறுக்கும் அந்தப் படத்துக்குக் கீழே பல வருடங்களாக 1909 என்றே போட்டுவந்தார்கள். பிற்பாடு ஆராய்ந்தவர்கள் சொல்லும் தேதி, 1910 ஜூலை 23. பிழை திருத்துபவரின் படத்திலேயே பிழை!