விசைப்பலகையும் மலையகத் தமிழும்

மொழியுரிமை சட்டத்தில் எழுதப்படுதல் ஒன்று. அலுவலகத்து மேசையிலிருந்து அது கடிதமாக வெளிவருதல் பிறிதொன்று. 1956 ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டுமே அரசகரும மொழியாக்கியது. 1987 இல் நிறைவேறிய பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. 1999 நவம்பர் மாத வர்த்தமானி அறிவித்தல் நுவரெலியா, பதுளை ஆகிய மாவட்டங்களில் இருமொழி நிருவாகத்துக்கு வழிவகுத்தது. எனினும், தோட்டத் தொழிலாளி ஒருவரின் பெயர் பிழையின்றித் தமிழிற் பதிவாக வேண்டுமாயின், எழுதுவினைஞரின் விரல் நுனியில் தமிழெழுத்து இருத்தல் வேண்டும். அது அங்கு வந்து சேர்ந்த வரலாறு ஆராயத்தக்கது.

ஆங்கிலத்துக்கெனப் பிறந்த தட்டெழுத்துப் பொறியில் ஐம்பதுக்கும் குறைந்த விசைகளே இருந்தன. தமிழ் எழுத்துக்களோ 247. மாற்று விசையை அழுத்தினால் ஒவ்வொரு விசையும் இரண்டாவது குறியொன்றைத் தரும். இன்று 'அடுக்கு' எனப்படும் முறைக்கு இதுவே முன்னோடி. இவ்விரண்டு அடுக்குகளும் தமிழுக்குப் போதாதிருந்தன. யாழ்ப்பாணத்துச் சுண்டுக்குளியிற் பிறந்து மலாயா, சிங்கப்பூர் சென்று வாழ்ந்த முத்தையா இச்சிக்கலைத் தீர்த்தார். அழுத்தினாலும் தாள் நகராத 'நகரா விசை'யை அவர் தமிழுக்குப் பொருத்தினார். அதன்படி புள்ளியை முதலில் அடித்து, அதன் கீழ் மெய்யின் உருவை அடித்தல் வேண்டும். கையால் எழுதுவோர் எழுத்தை முடித்த பின்னரே புள்ளி இடுவர். ஆகவே இங்குப் பொறிக்கு இசைய மனிதனே தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டான்.

கணினி இவ்வுறவைத் தலைகீழாக்கியது. 1999 இல் தமிழ்நாட்டரசு ஏற்ற 'தமிழ்99' அமைப்பில் உயிர்கள் இடப்புறமும் மெய்கள் பெரும்பாலும் வலப்புறமும் அமைந்தன. அ, ம, ம, ஆ என நான்கு விசைகளை அழுத்த 'அம்மா' தோன்றும்; புள்ளியைக் கணினியே இடும். இலங்கையோ 2008 இல் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் நியமத்தில் இரெங்கநாதன் விசைப்பலகையைத் தழுவியது. ஒரே மொழிக்குப் பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் இரு அமைப்புக்கள் நிலைபெற்றன.

இன்று விசைப்பலகையினுள்ளேயே பொதிந்துள்ள மென்பொருளை, பயன்படுத்துவோர் தாமே மாற்றியமைக்கலாம். கியூ.எம்.கே. என்பது அத்தகைய திறந்த மென்பொருள்களுள் ஒன்று. ஒரு விசையைத் தட்டினால் ஒரு செயலும் அழுத்திப் பிடித்தால் வேறோர் அடுக்கும் கிடைக்குமாறு அமைத்தல் இயலும். ஆயினும் பலகை அனுப்புவது எழுத்தன்று, விசைக்குறியீடே. அதனைத் தமிழாக்குவது கணினியிலுள்ள மொழியமைப்பாகும். எனவே தனியொருவர் வகுக்கும் அடுக்கும் பொது நியமத்தின் மீதே நிற்கவேண்டியுள்ளது.

இவ்வுண்மை மலையகத்துக்கு மிகவும் பொருந்தும். ஹற்றனிலோ நுவரெலியாவிலோ அரச அலுவலகத்துக் கணினி ஒருவருக்கு மட்டும் உரியதன்று. இன்றிருப்பவர் நாளை இடமாற்றம் பெறுவார். அங்கு வேண்டுவது ஒருவரின் திறமைக்கு ஏற்ற பலகையன்று. அனைவரும் பயின்ற பொதுப் பலகையும் அதிற் பயிற்சி பெற்ற தமிழறிந்த அலுவலருமே. இவ்விரண்டும் வாய்க்கும் இடத்திலேதான் வர்த்தமானியின் சொல் மக்களின் உரிமையாகும்.