எல்லைக்கோடும் ஊரார் சொல்லும்: தென்மராட்சியில் மாசடைந்த நிலத்தை மதிப்பிடுதல்

கொடிகாமச் சந்தியிலிருந்து ஏ9 வீதியில் தென்கிழக்கே உசன், மிருசுவில், எழுதுமட்டுவாள் கடந்தால் முகமாலை வரும். அங்கே மண்ணுக்குள் மிதிவெடி. எதிர்த்திசையில் சென்று வலிகாமத்துக்குள் நுழைந்தால் சுன்னாகம். அங்கே கிணற்று நீரில் எண்ணெய். முதலாவதைப் போரின் மிச்சமென்றும் இரண்டாவதைச் சுற்றுச்சூழல் பிரச்சினையென்றும் பிரித்துப் பேசப் பழகிவிட்டோம். இரண்டிலும் அடிப்படை வேலை ஒன்றுதான். யாரோ ஒருவர் நிலத்தில் ஒரு எல்லைக்கோடு கீறி, இதற்குள் ஆபத்து, இதற்கு வெளியே புழங்கலாம் என்று சொல்ல வேண்டும். அந்தக் கோட்டைக் கீறும்போது அங்கே வாழ்பவரின் சொல்லுக்கு என்ன பெறுமதி? மிதிவெடி நிலத்தில் அது சான்றாக ஏற்கப்படுகிறது. எண்ணெய் கலந்த நிலத்தில் முறைப்பாடு என்ற அளவோடு நின்றுவிடுகிறது. இந்த வேறுபாட்டை விஞ்ஞானம் கோரவில்லை, நமது நடைமுறை விதிகளே உண்டாக்கின என்பது இக்கட்டுரையின் வாதம்.

2000 ஏப்ரல் 22 இல் ஆனையிறவுப் படைமுகாம் விழுந்ததும் போர் தென்மராட்சிக்குள் வந்தது. சாவகச்சேரி நகரம் இடிபாடானது. சனம் வலிகாமத்துக்கும் வடமராட்சிக்கும் ஓடியது. அதன்பின் முன்னரங்கு கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்ற வரிசையில் நிலைகொண்டு 2009 சனவரி வரை ஏறத்தாழ அங்கேயே நின்றது. 2002 இன் போர்நிறுத்தம் முகமாலையைச் சோதனைச்சாவடியாக்கியது. 2006 ஆகஸ்ட் 11 இல் அந்த வாசலும் அடைபட்டது. இவ்வளவு காலமும் இரு தரப்பும் மண் அணைக்கு முன்னால் வெடி புதைத்தன. முன்னரங்கு சற்று நகர்ந்தபோது பழைய வரிசையின் மேல் புதிய வரிசை விழுந்தது. இராணுவத்திடம் பதிவுகள் இருந்தன. புலிகள் பக்கத்துப் பதிவுகள் முழுமையாகக் கிடைக்கவில்லை. அவர்கள் தயாரித்த ஜொனி மிதிவெடியின் உறை மரப்பெட்டி. உலோகம் குறைவென்பதால் கருவி எளிதில் காட்டிக்கொடுக்காது. பதிவும் கருவியும் போதாத இடத்தில் மிஞ்சுவது மனிதர்களின் வாய்மொழிதான்.

கண்ணிவெடி அகற்றலுக்கான சர்வதேச நியமங்கள் இந்த வாய்மொழிக்கு ஓர் இடம் கொடுத்திருக்கின்றன. நிலத்தில் கருவி வைப்பதற்கு முன்னர் கள அளவையாளர் படிவத்தோடு ஊருக்குள் போகிறார். எங்கே மாடு செத்தது, எந்த ஒழுங்கையால் விறகுக்குப் போகிறார்கள், எந்தக் காணியை எத்தனை போகம் உழுதார்கள் என்று கேட்டு வரைபடத்தில் குறிக்கிறார். தொழில்நுட்பம் சாரா அளவை என்பது இதன் பெயர். அதன் விளைவு சிறியதல்ல. நெடுங்காலம் இடரின்றி உழுத காணியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கலாம். ஒரு சாண் மண்ணும் கிளற வேண்டியதில்லை. மறுபக்கம், ஒருவர் குறிப்பாகச் சொன்ன சம்பவம் ஒரு பரப்பு நிலத்தை அபாய எல்லைக்குள் கொண்டுவரலாம். இலங்கையில் தேசிய கண்ணிவெடி நடவடிக்கை நிலையத்தின் ஒருங்கிணைப்பில் ஹலோ டிரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் ஆகிய நிறுவனங்களும் இராணுவத்தின் பிரிவும் இந்த முறையில்தான் வேலை செய்கின்றன. இங்கே ஊராரின் சொல்லைக் கேட்பது மரியாதைக்காக அல்ல. அது கோட்டை நகர்த்துகிறது. பங்கேற்பை அளக்க இதைவிடக் கறாரான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. கூட்டத்தில் எத்தனை பேர் கையொப்பமிட்டார்கள் என்ற கணக்கு அதற்கு ஈடாகாது.

ஆனால் எந்த ஊரவர், எதற்குச் சாட்சி? போர் தொடர்பான ஆய்வுகளில் ‘உள்ளூர் அறிவு’ என்ற தொடர் கேள்வி கேட்கப்படாமல் புழங்குகிறது. எழுதுமட்டுவாள் விவசாயி வெடி புதைக்கப்பட்டபோது அங்கே இருக்கவில்லை. கொடிகாமத்திலோ பருத்தித்துறையிலோ இடம்பெயர்ந்திருந்தார். புதைத்ததை அவர் காணவில்லை. அவர் அறிந்தது இரண்டு. ஒன்று, போருக்கு முந்திய நிலம்: வேலி எங்கே ஓடியது, கிணறு எங்கே, எந்தப் பள்ளத்தில் மாரிவெள்ளம் நிற்கும் என்பது. மற்றது, திரும்பி வந்தபின் நடந்தவை. இவ்விரண்டுக்கும் இடையிலான ஆண்டுகளுக்குச் சாட்சி சொல்லக்கூடியவர்கள் அன்று அங்கே நின்ற படையினரும் போராளிகளும்தான்.

போருக்குப் பிந்திய காலத்தின் மிக நுணுக்கமான அறிவு பழைய இரும்பு பொறுக்கியவர்களிடம் இருக்கிறது. காவலரண்களுக்கு இரு தரப்பும் பனங்குற்றிகளையும் யாழ்ப்பாணப் புகையிரதப் பாதையின் தண்டவாளங்களையும் சிலிப்பர் கட்டைகளையும் பிடுங்கிப் போட்டிருந்தன. போர் முடிந்தபின் கிலோக் கணக்கில் விலை பேசப்பட்ட அந்த இரும்புக்காக உயிரைப் பணயம் வைத்து உள்ளே போனவர்கள், எந்த அணை ஓரம் கால் வைக்கலாம், எங்கே கூடாது என்பதைப் படித்துக்கொண்டார்கள். விறகு வெட்டியவர்களும் மணல் அள்ளியவர்களும் அப்படியே. இந்த அறிவு குற்றத்தின் நிழலில் பிறந்தது. எச்சரிக்கைப் பலகையைத் தாண்டிப் போனேன் என்று படிவத்தோடு வந்திருக்கும் அந்நியரிடம், கிராம அலுவலர் பக்கத்தில் நிற்க, யார் வாய் திறப்பார்? ஆகவே குடியிருப்பாளர் பங்கேற்பின் முதல் நிபந்தனை, சொன்னவர் பெயர் வெளியே போகாது, சொன்னதை வைத்து வழக்கு வராது என்ற உறுதிதான். பங்கேற்பு பற்றிய கையேடுகள் பெண்களையும் வறியவர்களையும் சேர்க்கச் சொல்கின்றன, சரிதான். சட்டத்துக்கு அஞ்சுபவரை எப்படிச் சேர்ப்பது என்பதில் அவை கூடுதலாகச் சிந்திக்க வேண்டும்.

இனிச் சுன்னாகம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கடல்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என நான்கு பெரும் நீர்ப்படுகைகள். அவற்றுள் பெரியது வலிகாமத்தினுடையது. அதன் மேலேதான் நொதேர்ன் பவர் நிறுவனத்தின் அனல்மின் நிலையம் இயங்கியது. கிணற்று நீரில் எண்ணெய் மணக்கிறது, படலம் மிதக்கிறது என்று முதலில் சொன்னவர்கள் அயலிலிருந்த குடும்பங்கள். 2015 சனவரியில் போராட்டங்கள் வலுத்தன. மல்லாகம் நீதவான் நீதிமன்றத்தின் கட்டளையால் மின்னுற்பத்தி நிறுத்தப்பட்டது. வடமாகாண சபை நியமித்த நிபுணர் குழுவின் முடிவுகள் கடும் சர்ச்சைக்குள்ளாகின. 2019 ஏப்ரல் 4 இல் உயர்நீதிமன்றம், ரவீந்திர குணவர்தன காரியவசம் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில் தீர்ப்பளித்து, நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டுமெனக் கட்டளையிட்டது: 500 க்கு மேற்படாத கிணறுகள், கிணறொன்றைத் துப்புரவாக்க அதிகபட்சம் 40,000 ரூபா. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டுக்கு அது முக்கியமான தீர்ப்பு. எனினும் நம் கேள்வியை வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரியும். ஊரார் தொடக்கத்தில் முறைப்பாட்டாளர்களாக வருகிறார்கள், ஈற்றில் நட்டஈடு பெறுபவர்களாக வருகிறார்கள். இடையில், எங்கே மாதிரி எடுப்பது, எதைத் தேடுவது, எல்லை எதுவரை என்று முடிவு செய்த கட்டத்தில் அவர்களுக்கென்று வகுக்கப்பட்ட ஆசனம் எதுவும் இருக்கவில்லை.

சட்டத்தின் அமைப்பும் அப்படித்தான். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் 1988 இல் திருத்தப்பட்டபோது, சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து 30 நாள் கருத்துக் கேட்கும் விதி வந்தது. அது புதிதாக வரவிருக்கும் திட்டங்களுக்கு. நிலம் ஏற்கெனவே கெட்டுவிட்டால் அதைப் போய் அளப்பதற்கு அத்தகைய வாசல் இல்லை. 2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தால் ஆய்வு அறிக்கையைக் கேட்டுப் பெறலாம். அப்போது ஆய்வு முடிந்திருக்கும்.

வழமையான மறுப்பு ஒன்றுண்டு. மிதிவெடியை மாடு மிதித்தால் எவருக்கும் தெரியும். பென்சீனையும் ஈயத்தையும் ஆய்வுகூடம் மட்டுமே காணும். எனவே ஊராரிடம் கேட்க என்ன இருக்கிறது? கேட்கவேண்டியது ஆய்வுகூடத்துக்கு முந்திய கட்டத்தில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லில் நீர் வெடிப்பு வழியே ஓடுவதால் பத்து யார் இடைவெளியிலுள்ள இரு கிணறுகள் வேறு வேறு நீரைத் தரலாம். எந்தக் கிணறு மாரியில் சட்டென்று ஏறுகிறது, எதை நெடுநேரம் இறைத்தால் மணம் வருகிறது, எதைத் தூர்த்துவிட்டு மேலே வீடு கட்டினார்கள், கழிவு எண்ணெய் எந்தப் பள்ளத்தில் ஊற்றப்பட்டது என்பவற்றை அறிந்தவரே மாதிரியின் இடத்தையும் காலத்தையும் சொல்ல முடியும். தவறான கிணற்றில், தவறான மாதத்தில் எடுத்த மாதிரியைச் சிறந்த கருவி அளந்தாலும் கிடைப்பது துல்லியமான பிழைதான். தமிழ்நாட்டின் கொடைக்கானலும் இதற்குச் சான்று. அங்கே தெர்மாமீற்றர்த் தொழிற்சாலையின் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையொன்றில் கிடப்பதை வெளிக்கொணர்ந்தவர்கள் உள்ளூர் மக்களும் அவர்களோடு நின்ற ஆர்வலர்களும். அதன்பின்னரே தொழிற்சாலை மூடப்பட்டது.

இரண்டாவது மறுப்பைப் பாரமாக எடுக்க வேண்டும். ஊராருக்கு நலன் உண்டு. நட்டஈடு வரும் என்றால் எல்லை விரியும். காணி விலை விழும் என்றால் சுருங்கும். முகாமில் கிடந்து சலித்தவர் தன் காணியில் ஒன்றுமில்லை என்று சாதிப்பார், வீடு திரும்பவேண்டும் என்பதற்காக. இது மெய். ஆனால் மின்நிலையத்துக்கும் நலன் உண்டு, அனுமதிப்பத்திரம் வழங்கிய அதிகாரிக்கும் உண்டு, அறிக்கையை விரைவில் முடிக்கவேண்டிய நிபுணருக்கும் உண்டு. மிதிவெடி அளவை இதற்குக் கண்ட தீர்வு எளிமையானது: ஒரு சொல்லை இன்னொரு சொல்லோடும், இராணுவப் பதிவோடும், விபத்துப் பதிவோடும், நிலத்தின் தோற்றத்தோடும் ஒப்பிட்டு எடைபோடுதல். நலனுள்ள சாட்சியை நீதிமன்றமும் வெளியே அனுப்புவதில்லை, குறுக்கு விசாரணை செய்கிறது.

இத்தனைக்குப் பின்னும் மிதிவெடி அளவையை முன்மாதிரியாக அப்படியே தூக்கிவைக்க நான் தயாரில்லை. அது ஊரவரிடம் ‘எங்கே’ என்று கேட்கிறது. ‘எவ்வளவு’ என்பதையும் ‘எதற்கு’ என்பதையும் அந்த அளவுக்குக் கேட்பதில்லை. நிலம் குறித்த ஓர் ஆழம்வரை துப்புரவாக்கப்பட்டே கையளிக்கப்படுகிறது. தென்மராட்சி கிழக்கும் பச்சிலைப்பள்ளியும் தென்னை நாடு. தென்னம்பிள்ளைக்கு மூன்றடிக் குழி வெட்டுவார்கள். கிணறு அதைவிடப் பல மடங்கு ஆழம். கச்சான் போடுபவருக்குப் போதுமான ஆழம் தென்னை நடுபவருக்குப் போதாமல் போகலாம். கொடைக்கானலிலும் பிணக்கு இந்த இடத்தில்தான் முற்றியது: ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் மிஞ்சலாம் என்ற அளவை யார், எந்தப் பயன்பாட்டை மனத்தில் வைத்து நிர்ணயித்தார்கள் என்பது. ‘எவ்வளவு துப்புரவு போதும்’ என்பது பாதி விஞ்ஞானம், பாதி வாழ்க்கை முறை. அந்த இரண்டாம் பாதியை நிபுணர் ஊகிக்கக்கூடாது. முன்னுரிமையும் அப்படியே. ஏ9 வீதியும் 2014 இல் மீண்டும் ஓடத்தொடங்கிய புகையிரதப் பாதையும் குடிமனைகளுக்கு முன்னரே துப்புரவாகின. அதற்கு நியாயம் இருந்தது. ஆயினும் அந்த வரிசையை ஊரார் வகுக்கவில்லை.

குடியிருப்பாளர் யார் என்பதும் இங்கே தீர்ந்த கேள்வி அல்ல. உறுதிப்படி காணிக்காரர் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கிறார். அந்தத் தோட்டத்தில் தேங்காய் பிடுங்கி, மட்டை உரித்து, பொச்சுப் பொறுக்குபவர் வேறொருவர். அவருக்கு ஒரு லாச்சமும் சொந்தமில்லை. கையளிப்புப் பத்திரம் போவது முதலாமவரின் பெயருக்கு. காலை இழக்கக்கூடியவர் இரண்டாமவர். மதிப்பீட்டில் ஆசனம் உரித்தின்படியா, ஆபத்தின்படியா? ஆபத்தின்படிதான் என்பது என் நிலைப்பாடு. காணிக்காரருக்கு எல்லை பற்றிச் சொல்ல இடம் கொடுக்கலாம். ஆழமும் முன்னுரிமையும் மண்ணில் கைவைப்பவர் சொல்லட்டும்.

கொடிகாமம் போன்ற சிறு பட்டினத்துக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். சந்தை, எரிபொருள் நிலையங்கள், வாகனத் திருத்தகங்கள், புகையிரத நிலையம், சுற்றிலும் தோட்டம். கீழே தென்மராட்சியின் சொந்த நன்னீர்ப் படலம். அது வலிகாமத்தினதை விடச் சிறியது, ஆகவே பிழை பொறுக்கும் வலுவும் குறைவு. இங்கே ஒரு மதிப்பீடு தொடங்கினால் சாவகச்சேரிப் பிரதேச சபை முதலில் செய்யவேண்டியது கிணறுகளின் பெயரேடு ஒன்றைத் திறப்பது. ஒவ்வொன்றின் ஆழம், தூர்த்த ஆண்டு, சுவை மாறிய ஆண்டு ஆகியவை வீட்டாரின் வாய்மொழியாகப் பதியப்பட வேண்டும். மாதிரி எடுக்கும் இடங்களின் வரைபடம் ஆய்வுகூடத்துக்குப் போகுமுன் ஊர்க் கூட்டத்தில் விரிக்கப்பட்டு, மறுப்புகள் எழுத்தில் பதிவாக வேண்டும். ஒரு மறுப்பை ஏற்காவிட்டால் காரணம் எழுதப்பட வேண்டும். இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஆட்களுக்கும் பஞ்சமில்லை. இலங்கை 2017 டிசம்பர் 13 இல் கண்ணிவெடித் தடைக்கான ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி நிலங்களைத் துப்புரவாக்கும் காலக்கெடு 2028 யூன் 1. அந்த வேலை ஓயும்போது, தென்மராட்சியிலும் பச்சிலைப்பள்ளியிலும் ஊரவர்களாகவே இருந்து கண்ணிவெடி அகற்றும் தொழிலைக் கற்றவர்கள் வேலை இழப்பார்கள். அவர்களுள் குடும்பத்தைத் தனித்துச் சுமக்கும் பெண்கள் பலர். படிவம் நிரப்பவும், சாட்சியங்களை ஒப்பிடவும், நிலத்தைச் சதுரங்களாகப் பிரித்து ஒன்றையும் விடாமல் தேடவும், முடிவை வரைபடத்தில் ஏற்றவும் பயின்ற கைகள் அவை. கிணற்றுப் பெயரேட்டையும் மண் மாதிரியையும் இவர்களிடம் ஒப்படைக்கத் தேவையான மேலதிகப் பயிற்சி சில வாரங்களுக்கு உரியது. பிரதேச சபை அவர்களை உள்வாங்குவதற்கான பதவிநிலையையும் நிதித் தலைப்பையும் 2028 இற்கு முன்னரே உருவாக்க வேண்டும். ஆட்கள் கலைந்துபோன பின்னர் அந்தப் பதவிகளுக்கு விளம்பரம் செய்து பயனில்லை.