ஒரு டாலர் பெட்டி

1900-இல் ஈஸ்ட்மன் கோடக் கம்பெனி பிரௌனி காமிராவை ஒரு டாலருக்கு விற்றது. அட்டைப் பெட்டி, ஒற்றை லென்ஸ், எளிய ஷட்டர், சிறுவர்களுக்கென்றே விளம்பரம். 1916-இல், 14 வயதில், இந்த வகைப் பெட்டியோடுதான் ஆன்ஸல் ஆடம்ஸ் யோஸெமிட்டி பள்ளத்தாக்கில் படமெடுக்கத் தொடங்கினார்.

1951-இல் 'பிக்சர் போஸ்ட்' பத்திரிகையின் பெர்ட் ஹார்டி, நல்ல படத்துக்கு விலையுயர்ந்த காமிரா வேண்டியதில்லை என்று நிரூபிக்க பாக்ஸ் பிரௌனியுடன் பிளாக்பூல் கடற்கரைக்குப் போனார். கம்பிக் கிராதிமேல் உட்கார்ந்திருக்கும் இரு பெண்களின் படம் புகழ்பெற்றுவிட்டது.

ஆனால் ஹார்டி எதை நிரூபித்தார்? 1950-இல் கொரிய யுத்தத்தைப் படமெடுத்தவர் அவர். அந்த நம்பிக்கை பெட்டி தந்ததல்ல. பெட்டிக்கு அவர் கொண்டுவந்தது. ஆரம்பக்காரனுக்கு இந்தச் சான்று ஆறுதலே தவிர வழியல்ல.

வழி ஆடம்ஸிடம் இருக்கிறது. திருக எதுவுமற்ற பெட்டி அவருக்கு விட்டுவைத்தவை இரண்டு: எங்கே நிற்பது, எப்போது அழுத்துவது. அவர் வருஷந்தோறும் அதே பள்ளத்தாக்குக்குத் திரும்பினார். 1927-இல் ஹாஃப் டோம் பாறையின் எதிரே, பெரிய காமிராவும் கடைசிக் கண்ணாடி பிளேட்டுமாக நின்றபோது, மஞ்சள் ஃபில்டரைக் கழற்றிச் சிவப்பைப் போட்டார். வானம் கறுத்தது, 'மோனோலித்' பிறந்தது. ஃபில்டர் கடையில் கிடைக்கும். ஒரே பிளேட்டை நம்பி அதைப் போடும் துணிச்சல், பதினோரு வருஷம் ஒரே பாறையைப் பார்த்ததில் வந்தது.