பயிற்சியும் பிறப்பும்: தமிழ்த் திரையின் ரவுடிக் கதைகளில் ‘பரம்பரை’

ஆய்வுச் சுருக்கம்: ஆசானிடம் கற்கும் கலையாகச் சண்டையைக் காட்டிவந்த தமிழ்த் திரை, ரவுடிக் கதைகளில் கற்காமலே கைவரும் அரிவாள் வீச்சை முன்னிறுத்தியது. இம்மாற்றம் வன்முறையைப் பிறப்பின் பண்பாக்குகிறது என்பதைச் சங்கரன்கோவில் உள்ளிட்ட தென்மாவட்டங்களின் வரலாற்றோடு பொருத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சிலம்பம், அரிவாள், சண்டியர், குற்றப் பரம்பரைச் சட்டம், சார்பட்டா பரம்பரை

ஆயுதம் பறிக்கப்பட்ட நிலம்

சங்கரன்கோவிலுக்கு அருகிலுள்ள நெற்கட்டும்செவல் பூலித்தேவரின் பாளையமாக இருந்தது. 1755இல் கர்னல் ஹெரான் தலைமையில் வந்த கும்பினிப் படை அக்கோட்டையைப் பிடிக்க இயலாமல் திரும்பியது. 1761இல் அது யூசுப்கானிடம் வீழ்ந்தது. சிறைப்பட்ட பூலித்தேவர் வழிபடுவதற்காகச் சங்கரநாராயணர் கோயிலுக்குள் சென்று மறைந்துவிட்டார் என்பது இன்றும் இவ்வட்டாரத்தில் வழங்கும் மரபு. போரிட்ட மனிதரை ஊர் நினைவு எவ்வளவு மதிப்போடு வைத்துக்கொள்கிறது என்பதற்கு இம்மரபே சான்று. இதே தென்மாவட்டங்களைத் திரைப்படம் வேறு வகையில் நினைவில் வைத்திருக்கிறது. அங்கு இது அரிவாளின் நாடு.

பாளையக்காரர் போர்கள் ஒடுக்கப்பட்டபின், 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. துப்பாக்கியும் ஈட்டியும் பறிக்கப்பட்டன, கோட்டைகள் இடிக்கப்பட்டன. ஆனால் உழவர் வீட்டு அரிவாளை எந்த அரசாலும் பறிக்க முடியாது. விறகு வெட்டவும் வேலி கழிக்கவும் பனம்பாளை சீவவும் அதுவே வேண்டும். கருப்பசாமியின் கையிலும் அதுவே இருக்கிறது. அரிவாளின் தென்மாவட்டப் பெயருக்கு 1801ஆம் ஆண்டுத் தடை மட்டுமே காரணம் எனக் கூறுவது மிகை. எனினும் படைக்கருவிகள் போனபின் எஞ்சிய இரும்பு வேளாண் கருவியே என்பதை மறந்துவிட்டு அதனை ஒரு சமூகத்தின் குணமாகப் படிப்பது பெரும்பிழை.

இப்பிழையைச் சட்டமாக்கியதும் காலனிய அரசே. 1871இல் இயற்றப்பட்டு, 1911இல் சென்னை மாகாணத்திற்கும் விரிவுபடுத்தப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், குற்றம் பிறப்பால் வருவது என்னும் எண்ணத்தின்மீது நின்றது. சென்னை மாகாணம் 1947இல் இச்சட்டத்தை நீக்கியது. அதன் தருக்கம் வேறிடங்களில் வாழ்ந்துகொண்டிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

வாத்தியாரும் அவர் மறைவும்

எம்.ஜி.ஆரை அவருடைய இரசிகர்கள் ‘வாத்தியார்’ என்றே அழைத்தனர். சென்னையின் குத்துச்சண்டைக் களங்களிலும் பயிற்றுநருக்கு அதுவே பெயர். இப்பொருத்தம் தற்செயலானதாக இருக்கலாம், ஆனால் பொருளற்றதன்று. ‘பெரிய இடத்துப் பெண்’ (1963) போன்ற படங்களில் சிலம்பம் போட்டியாக இடம்பெறுகிறது. அங்கே விதி உண்டு. காண ஊர் உண்டு. வென்றவனும் தோற்றவனும் எழுந்து நடப்பர். கம்பு சுழற்றும் உடல் கற்ற உடல் என்பதில் பார்வையாளருக்கு ஐயமே எழாது.

‘தேவர் மகன்’ (1992) இவ்வகையில் ஒரு திருப்புமுனை. வெளிநாட்டில் படித்து ஊர் திரும்பும் நாயகன் கம்பெடுத்ததும் கைதேர்ந்தவனாகச் சுழற்றுகிறான். அவ்வாற்றல் பயிற்சியின் பேறாக அன்றி, தலைப்பு சொல்வதுபோலவே, பிறப்பின் வெளிப்பாடாக உணர்த்தப்படுகிறது. அதே படம் சிலம்பத்தில் நிற்கவில்லை. எதிரியின் தலை துண்டிக்கப்படுவதில் முடிகிறது. சிலம்பமும் வெட்டும் ஒரே கதைக்குள் இருக்க, பின்வந்த படங்கள் பெரும்பாலும் இரண்டாவதையே எடுத்துக்கொண்டன.

2000க்குப் பிந்திய ரவுடிக் கதைகளில் ஆசான் அநேகமாக இல்லை. ‘புதுப்பேட்டை’யில் (2006) அடிவாங்கியே எழும் மெலிந்த உடல் ஒன்று கும்பலுக்குள் நுழைகிறது, அங்கே கிடைப்பது கலையன்று, தொழில். 1980ஆம் ஆண்டு மதுரையைக் களமாகக் கொண்ட ‘சுப்பிரமணியபுரம்’ (2008) சண்டையின் அழகை முற்றாகக் கைவிட்டது. துரத்தல், மூச்சிரைப்பு, தடுமாற்றம், ஒருவரைப் பலர் சூழ்தல் இவையே அங்குள்ளவை. இப்படங்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கொலை அருவருப்பானது என்பதைச் சொல்ல அழகற்ற சண்டையே நேர்மையான வடிவம். வேலையற்ற இளைஞரை அரசியல்வாதிகள் கருவியாக்குவதை ‘சுப்பிரமணியபுரம்’ அளவுக்குத் துல்லியமாகக் காட்டிய படங்கள் சிலவே. சிக்கல் இவற்றைப் பின்பற்றிய படங்களில் தொடங்குகிறது. காரணங்களை உதறிவிட்டு அரிவாளை மட்டும் வைத்துக்கொண்டபோது, எஞ்சியது ‘இந்த மண்ணுக்காரன் இப்படித்தான்’ என்னும் கூற்றே. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் தருக்கமும் இதுவேயாகும்.

இம்மாற்றம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. 1970களில் குருவையும் சீடனையும் மையமாக்கிய ஹாங்காங் குங்ஃபூ படங்களின் இடத்தில், 1996இல் வெளிவந்த ‘யங் அண்ட் டேஞ்சரஸ்’ தெருக்கும்பல்களையும் வெட்டுக்கத்திகளையும் வைத்தது. ஆனால் இந்தோனேசியாவின் ‘தி ரெய்டு’ (2011) வேறு வழியைக் காட்டுகிறது. போதைப்பொருள் கும்பலின் அடுக்குமாடியில் வெட்டுக்கத்தி ஏந்திய அடியாட்களை நாயகன் சிலாட் கலையால் எதிர்கொள்கிறான். நடித்த இகோ உவைஸ் அக்கலையைப் பயின்றவர். சிலாட் பயிற்சிமரபில் உழவர் கத்தியும் ஓர் ஆயுதமாக இடம்பெறுகிறது. அதற்கும் ஆசான் உண்டு, அடவு உண்டு. குரூரமான கும்பல் படத்திலும் கற்ற உடலுக்கு இடமளிக்க முடியும் என்பதற்கு இது சான்று. மான்கொம்பையும் சுருள்வாளையும் உள்ளடக்கிய சிலம்ப மரபிருந்தும் நம் ரவுடிப் படங்கள் அதனை எட்டிப் பார்ப்பதில்லை. (இத்தனைக்கும் பெயர்த்திரையில் அத்துறைக்கு நாம் இட்ட பெயர் ‘சண்டைப் பயிற்சி’.)

ஒரு சொல்லின் வழக்கு

2003இல் கமல்ஹாசன் தம் படத்திற்குச் ‘சண்டியர்’ எனப் பெயரிட்டபோது, புதிய தமிழகம் கட்சித் தலைவர் க. கிருஷ்ணசாமி கடுமையாக எதிர்த்தார். படம் ‘விருமாண்டி’ என்னும் பெயரில் 2004 பொங்கலுக்கு வெளிவந்தது. கருத்துரிமையின் பக்கமிருந்து மட்டும் இந்நிகழ்வைப் பார்ப்பது போதாது. 1990களின் சாதிக் கலவரங்களிலிருந்து தென்மாவட்டங்கள் அப்போதுதான் மீண்டுகொண்டிருந்தன. ‘சண்டியர்’ என்பது ஒருவருக்கு ஊர்ச் செல்வாக்கின் பட்டம். தெருவில் அவனுக்கு அஞ்சி ஒதுங்கியவருக்கு அது வேறு சொல். மரணதண்டனைக்கு எதிராகப் பேசிய அப்படத்தின் உள்ளடக்கம் அத்தலைப்பைவிடப் பண்பட்டது என்பது வேறு செய்தி. ஒரு தலைப்பு எழுப்பும் அச்சத்தை அதனைச் சூட்டியவரைவிட அதற்கு ஆட்பட்டவரே அறிவர். 2014இல் ‘சண்டியர்’ என்னும் பெயரிலேயே வேறொரு படம் வெளிவந்தது.

இருவகைப் பரம்பரை

ஆசானை இழந்த இக்கதைகள் தம் முடிவில் ஆசிரியரைத் தேடுகின்றன என்பது வியப்புக்குரியது. ‘தேவர் மகன்’ பிள்ளைகளைப் படிக்கவைக்கச் சொல்லி முடிகிறது. கரிசல் எழுத்தாளர் பூமணியின் ‘வெக்கை’ (1982) நாவலைத் தழுவிய ‘அசுரன்’ (2019) திரைப்படத்திலும் தந்தை மகனுக்கு விட்டுச்செல்வது கல்வியைப் பற்றிய சொற்களே. சமூக நிலையில் இவ்விரு படங்களும் எதிரெதிர்த் திசைகளில் நிற்பவை. அவையும் இவ்விடத்தில் ஒன்றுபடுகின்றன. ஆயினும் இரண்டிலும் கல்வி, வன்முறை ஓய்ந்தபின் கூறப்படும் அறிவுரை. சண்டையின் வடிவத்தை அது மாற்றவில்லை.

‘சார்பட்டா பரம்பரை’ (2021) அதனை மாற்றியது. கபிலனின் தந்தை குத்துச்சண்டை வீரராயிருந்து ரவுடியாகிக் கொல்லப்பட்டவர். ஆகவே தாய் மகனைக் களத்தின் பக்கமே விடுவதில்லை. இரத்தத்தில் ஓடுவது வெளிப்பட்டுவிடும் என அஞ்சுகிறாள். அவ்வச்சம் பாதி உண்மையாகவும் செய்கிறது: நெருக்கடிநிலைக் காலத்தில் களம் சிதைந்தபின் கபிலன் கள்ளச்சாராயத் தொழிலுக்குள் இறங்குகிறான். ஆனால் படம் காரணத்தை இரத்தத்தில் வைக்கவில்லை. வாத்தியாரும் களமும் இல்லாமற்போனதில் வைக்கிறது. இங்கே ‘பரம்பரை’ என்பது குருதிவழி அன்று, கற்பித்தல்வழி. ரங்கன் வாத்தியாரின் சொந்த மகன் இருக்க, அவரது நம்பிக்கை வெளியாளான கபிலனிடம் செல்கிறது. காலனியச் சட்டம் குற்றத்தோடு ஒட்டிவைத்த அதே சொல்லை வடசென்னையின் உழைப்பாளர் ஆசானோடு ஒட்டி வழங்கிவந்ததை இப்படம் பொதுநினைவுக்குக் கொண்டுவந்தது.

தென்மாவட்டச் சிலம்பத்திற்கு அத்தகைய படம் இன்னும் வாய்க்கவில்லை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. மாணவ மாணவியர் கம்போடு களமிறங்கினர். திரையில் சங்கரன்கோவில் வட்டாரத்து இளைஞன் இன்றும் அரிவாளோடுதான் ஓடிவருகிறான்.